அடுத்தவனுக்கென்று ஒரு சொல்

அன்புள்ள யெர்கோவுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் தூக்கம் என்று நினைத்துக்கொள், கோபம் என்று நினைக்காதே. கோபமும் கொஞ்சம் உண்டுதான். உன் கப்பலில் வேலைக்குச் சேர நிகோ காலை ஆறு மணிப் படகில் கிளம்புகிறான். ராட்டர்டாமில் உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் கூடவே சிரித்துத் தொலைப்பேன்.

தோமா நன்றாக இருக்கிறான். இருமல் நின்றுவிட்டது. முழங்காலில் ஒரு காயம், தையல் தேவைப்படவில்லை, தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். மாமாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். உன் அக்கா பெரினா வாடகைக்கு விடும் நான்கு அறைகளும் ஆகஸ்ட் முடிய நிரம்பிவிட்டன. விரிப்பு மாற்றுவதும் குளியலறை கழுவுவதும் என் பாடு.

போன வியாழக்கிழமை மலையிலிருந்து என் அப்பா இந்தத் தீவுக்கு வந்திருந்தார். நான் சொல்லாவிட்டால் இந்த வீட்டில் வேறு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை. இமோட்ஸ்கியிலிருந்து முதல் பேருந்தில் ஸ்பிளிட், அங்கிருந்து படகு. பன்றித் தொடை ஒன்று, ஆட்டுத்தோல் பையில் ஊறிய பாலாடைக்கட்டி ஒரு பை, இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் மேட்டில் ஏறி வந்தார். வாசலில் பெரினாவின் பையன்களோடு தோமா விளையாடிக்கொண்டிருந்தான். தாத்தாவைப் பார்த்ததும், மலைக்காரர்களை இங்கே கேலி செய்யும் அந்தச் சொல்லால் கத்தினான்: "டேய், விலாய் வந்துட்டான், கேட்டைச் சாத்துங்கடா!"

அப்பா சிரித்தார். "ஆமாண்டா, விலாய்தான். மலையிலேயே பெரிய விலாய். வா, வந்து ஒரு முத்தம் குடு" என்றார். அவன் உள்ளே ஓடிவிட்டான். பெரினா பாலாடைக்கட்டிப் பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, "வாடகைக்கு இருக்கிறவங்க வாசனை தாங்க மாட்டாங்க" என்று வலைகள் போடும் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தாள். கை கழுவப் பின்பக்கம் போன அப்பா அதைப் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறார். எப்போதும் ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர், அன்றைக்கு மத்தியானப் படகுக்கே கிளம்பிவிட்டார். துறையில் என் தலையைத் தொட்டு, "நாங்களும் இந்தத் தீவுக்காரங்களை போதுல்னுதானே கேலி பண்றோம், சரிக்குச் சரி" என்றார். சரிக்குச் சரி இல்லை, யெர்கோ. நீ மலைக்கு வந்தபோது உன்னை போதுல் என்று கேலி செய்தவர்கள்தான், உனக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. விலாய் என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றி நான் கல்லூரியில் ஆறு மாதம் உட்கார்ந்து கட்டுரை எழுதினேன், உனக்கு நினைவிருக்கும். முதலில் அது வால்ஹ் என்று, ஜெர்மானியர்களின் பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு கூட்டத்தின் பெயர். பிறகு அவர்கள் தெற்கில் இருந்த எல்லாரையும் அப்படியே அழைத்தார்கள். அதே சொல்லை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் இறங்கியவர்கள், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களையே அந்நியர்கள் என்றார்கள். வேல்ஸ் என்ற பெயர் அப்படி வந்தது. வால்நட்டில் இருக்கும் வாலும் அதுதான், அந்நியன் ஊர்க் கொட்டை. ஹங்கேரிக்காரர்கள் அதிலிருந்து இரண்டு பெயர் செய்தார்கள், இத்தாலியனுக்கு ஒன்று, ருமேனியனுக்கு ஒன்று. பாஸ்னியாவில் துருக்கியர் காலத்தில் முஸ்லிம்கள் கிறிஸ்தவர்களைச் சொன்னார்கள். இங்கே கடற்கரைக்காரன் மலைக்காரனைச் சொல்கிறான். நம் முன்னோர்கள் இந்தக் கடலுக்கு வந்தபோதோ, கல்வீடு கட்டி லத்தீன் பேசிக்கொண்டிருந்த கரைக்காரர்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

மாமா முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "கேட்டியா பெரினா? படிச்சவ சொல்றா, நாமதான் விலாயாம்" என்றார். "பட்டம் வாங்கினவ மூணாம் நம்பர் ரூம்ல விரிப்பை இன்னும் மாத்தலை" என்றாள் பெரினா. எல்லாரும் சிரித்தார்கள். தோமாவும் சிரித்தான். அவனுக்கு என்ன புரிந்தது? அம்மாவைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பது புரிந்தது.

மாடியில் இருக்கும் போலந்துக்காரி ஹலினா மறுநாள் துணிக்கொடியடியில் என்னிடம் கேட்டாள், உன் மகன் அன்றைக்குக் கத்தினானே, அது என்ன என்று. சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம். எங்கள் மொழியில் அந்தச் சொல் இத்தாலியின் பெயர், போன வருடம் விடுமுறைக்கு அங்கேதான் போனோம், நல்ல சாப்பாடு என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு ஊரில் விடுமுறைக்குப் போகும் இடம், இன்னொரு ஊரில் கேட்டைச் சாத்தவேண்டிய ஆள்.

இப்போது முழங்கால் காயம். முந்தாநாள் நான் மூன்றாம் நம்பர் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தோமா காணாமல் போய்விட்டான். பூனை பின்னால் போயிருக்கிறான். அரைமணி நேரம் தேடினேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டு துறை நெடுகிலும் ஓடினேன். அப்போது எதிர்ப்பக்க உணவகத்தில் பாத்திரம் கழுவும் அந்த நேபாளிப் பையன் இவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறான். காலில் ரத்தம். நான் என்ன கத்தினேன் தெரியுமா? "எடுடா கையை! எங்கிருந்தோ வந்தவன் என் பிள்ளையைத் தொடுறியா?" துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சூடு பட்டவன் போலக் கையை எடுத்தான். "விழுந்துட்டான், அழுதான், அதான்" என்று நம் மொழியில் மெதுவாகச் சொன்னான். தோமாவின் காலில் அவனுடைய தலைத்துணி கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவும்போது தோமா கேட்டான், "அம்மா, அவனும் விலாயா?"

எனக்குப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. "ஆமாம்" என்றேன்.

அப்படிச் சொன்னபோது எனக்கு இதமாக இருந்தது, யெர்கோ. அந்த ஒரு நொடி அந்தச் சொல் என்மேலிருந்து இறங்கி வேறொருவன்மேல் போய் உட்கார்ந்தது. ஆறு மாதம் படித்தும் தெரியாமல் போனது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எல்லா மொழிக்காரர்களும் ஏன் அதைக் கைவிடவே இல்லை என்று.

நேற்றுத் தலைத்துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு உணவகத்தின் பின்கதவு வரை போனேன். அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டு கோடையாக எதிரிலேயே இருக்கிறான், பெயர் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன். துணி இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

இமோட்ஸ்கிப் பள்ளியில் ஜெர்மன் ஆசிரியை வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். டிசம்பரில் நீ வரும்வரை பொறு என்பாய். பொறுத்துக்கொள்வேன். ஆனால் தோமா அதுவரை பொறுக்க மாட்டான், இந்தக் கேலியைக் கற்றுக்கொண்டுவிடுவான். இந்தச் சொல் பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று உன் அப்பாவுக்கும் அக்காவுக்கும் நீயே உன் கையால் எழுதினால் இங்கேயே இருக்கிறேன், என் தவறை நானே திருத்திக்கொள்கிறேன். எழுத மாட்டாய் என்றால் பிள்ளையோடு மலைக்குப் போகிறேன். இது மிரட்டல் இல்லை.

இன்னும் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே நீ என்னைச் செல்லமாக "என் விலாய்க்காரி" என்றுதான் கூப்பிடுகிறாய். போன கடிதத்திலும் அப்படித்தான் தொடங்கியிருந்தாய். நானும் ஒவ்வொரு முறையும் சிரித்தேன். இனி என் பெயரை எழுது.

கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இருபதாம் தேதிக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் பதில் எழுது.

உன்
துன்யா