பாலத்தின் ஓரம் தெரியவில்லை

நவம்பர் 11
பகல் டியூட்டி. ஆம்புலன்ஸுக்கு மூன்று அழைப்பு. ஒரு நெஞ்சுவலி, இரண்டு பைக் விபத்து. மூன்று பேரையும் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உயிரோடு சேர்த்தாயிற்று. சாவியைத் திருப்புமுன் வழக்கம்போல மாதாவிடம் கேட்டேன்: போகட்டுமா, எந்த வழி? பதினோரு வருடமாக இப்படித்தான். குரலெல்லாம் கேட்பதில்லை. நெஞ்சு அமைதியாகும், கிளம்பிவிடுவேன். கூட வரும் மருத்துவ உதவியாளர் சிந்துவுக்கு இது வேடிக்கை. "மேப்ப பாக்குறதுக்கு முன்னாடி மாதாவ பாக்குறீங்களேண்ணே" என்றாள்.

நவம்பர் 16
விடாத மழை. பூசைக்குப் போக முடியவில்லை.

நவம்பர் 18
அரும்பாவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊரிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு. பாக்யலட்சுமி, எட்டு மாதக் கர்ப்பம், வலி கண்டுவிட்டது. ஊருக்கு முன்னால் உள்ள தரைப்பாலத்தின்மேல் ஓடைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செம்மண் நிறம். ஓரக் கற்கள் எதுவும் தெரியவில்லை.

வண்டியை நிறுத்தி மாதாவிடம் கேட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி கேட்டேன். கண்ணாடித் துடைப்பான் ஓடும் சத்தம்தான். அமைதியும் இல்லை, கலக்கமும் இல்லை. வெறுமை.

அக்கரையில் நின்று கையைக் காட்டிக்கொண்டே போனில் பேசினார் அந்தப் பெண்ணின் அண்ணன் ராஜதுரை. "முட்டியளவுதாங்க. நம்பி எறக்குங்க."

சிந்து என் முகத்தையே பார்த்தாள். நான் இறக்கவில்லை. "சுத்தி வந்துடுறேங்க" என்றேன்.

"உங்க வூட்டுப் பொம்பளையா இருந்தா இப்புடிச் சொல்லுவீங்களா?"

வண்டியைத் திருப்பினேன். இருபத்தொரு கிலோமீட்டர் சுற்று. ஐம்பது நிமிடம். பாதி வழியிலேயே குழந்தை பிறந்துவிட்டதாகப் போன் வந்தது. அழவில்லையாம். சிந்து போனிலேயே பாக்யலட்சுமியின் மாமியார் சம்பூர்ணத்திடம், "நல்லா தொடைங்கம்மா, முதுக தேச்சு விடுங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். போய்ச் சேர்ந்தபோது மூச்சு இருந்தது. உதடு நீலம். பெண் குழந்தை.

ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்த்தோம். அந்த வாசலில்தான் ராஜதுரை சொன்னார்: நாங்கள் திரும்பிய பத்தாவது நிமிடம் ஒரு டிராக்டர் அதே பாலத்தைத் தாண்டிப் போனதாம். ஒன்றும் ஆகவில்லையாம்.

நவம்பர் 19
டிராக்டர் சக்கரம் பெரிசு. கனமும் அதிகம். தெரியும். தெரிஞ்சு என்ன?

நவம்பர் 20
ராஜதுரை புகார் கொடுத்திருக்கிறார். ஏன் தாண்டவில்லை என்று எழுதித் தர வேண்டும். மேற்பார்வையாளர் சிவசுப்பிரமணியன் சார், "பாலத்துல தடுப்பு வச்சிருந்தாங்கன்னு எழுதிடுங்க. அந்த மழையில யாரு போயிப் பாத்தா?" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். வெற்றுத்தாளோடு வீட்டுக்கு வந்தேன்.

மாதா ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் போகவில்லை என்று மனைவி செலினிடம் மறுபடி சொன்னேன். இது எத்தனையாவது தடவையோ. "போகாதன்னும் சொல்லலதானே?" என்று கேட்டுவிட்டு அரிசி களைய எழுந்து போனாள்.

நவம்பர் 21
லீவு போட்டேன். அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஏலாக்குறிச்சிக்கு ஒரு பஸ். மாதா கோவிலில் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தேன். குழந்தைக்காக வேண்டினேன். அன்னைக்கு மட்டும் ஏன் பேசல என்றும் கேட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒன்று தோன்றியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருடமும் நெஞ்சு அமைதியானதெல்லாம் ரோடு நன்றாக இருந்த நாட்களில்தானா? அன்னைக்கு எனக்குப் பயம். வண்டியில சிந்து இருந்துச்சு, நான் இருந்தேன். பயந்துதான் திருப்புனேன். அதை மாதா தலையில போடப் பாக்குறேனா?

அந்தப் பயத்தையே அவள்தான் கொடுத்தாளோ? தெரியவில்லை.

நவம்பர் 22
எழுதிக் கொடுத்தேன். 'தடுப்பு எதுவும் இல்லை. ஆழம் தெரியவில்லை. பாலத்தின் ஓரம் தெரியவில்லை. தாண்ட வேண்டாம் என்று முடிவெடுத்தது நான்.'

சார் இரண்டு தடவை படித்தார். "இது உங்களுக்கு நல்லதில்லிங்களே, அருளப்பன்."

அந்தத் தாளின் கீழே சிந்து, நான் கேட்காமலே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளாக இருந்தாலும் இறக்கியிருக்க மாட்டாளாம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் பெஞ்சில் ராஜதுரை. "போயிருந்தா தாண்டியிருக்கலாம்ங்க. எனக்குத் தெரியல. வேணாம்னு முடிவு பண்ணது நாந்தான்" என்றேன். அவர் எழுந்து போகவில்லை. காலி டீக் கப்பை நசுக்கிக்கொண்டே இருந்தார்.

நவம்பர் 26
குழந்தைக்கு ஆக்சிஜன் எடுத்துவிட்டார்களாம். சிந்து போன் பண்ணிச் சொன்னாள்.

நவம்பர் 29
விசாரணை முடியும்வரை எனக்கு ஆம்புலன்ஸ் இல்லை. பிரசவமானவர்களை ஊரில் கொண்டுவிடும் வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 6
இன்று வண்டியில் பாக்யலட்சுமி, குழந்தை, சம்பூர்ணம். ராஜதுரை முன்சீட்டில் ஏறினார். அரும்பாவூர் வரை பின்னால் குழந்தை அழுதுகொண்டே வந்தது, நல்ல சத்தமாக.

நேற்றைய மழையில் பாலத்தின்மேல் மறுபடி தண்ணீர். வண்டியை நிறுத்தினேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. "கூட இரும்மா" என்று மட்டும் சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டேன்.

பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம். ராஜதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருங்க, நான் எறங்கிப் பாத்துட்டு சொல்றேன். சரியில்லன்னா சுத்தியே போயிக்கலாம்."

காலால் ஓரத்தைத் தடவித் தடவி நடந்தார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. பாதிப் பாலத்தில் நின்று திரும்பிக் கையசைத்தார். முதல் கியரில் அவர் பின்னாலேயே போனேன்.