தலையணை உறைக்குள் இருந்த படம்

அம்மா,

இந்த வீட்டில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே பிறவி நான்தான். இதை முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன். பஸ்ஸில் அப்பாவுக்கு அவருடைய ஸ்கேனை வரிவரியாக விளக்கிக்கொண்டே போனேன். 'வலது நுரையீரலில் ஒரு புள்ளி' என்ற வரி வந்ததும் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தோம்.

டாக்டர் என் விளக்கத்தைக் கேட்கவே இல்லை. "பழைய படம் இருக்கா?" என்றார். நான் கையிலிருந்த ரிப்போர்ட்டையே மறுபடி நீட்டினேன். அப்பா பைக்குள் கைவிட்டு, நீ கொடுத்தனுப்பிய தலையணை உறையை எடுத்தார். "குப்பைக்குக்கூட உறை போட்டு வெச்சிருக்கியா?" என்று நான் கேட்டதற்காக ஒரு வாரமாக என்னோடு பேசாமல் இருக்கிறாயே, அதே உறை.

டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தார்.

"நைஞ்ச நுரையீரல் நைஞ்சதுதான், மருந்தை விடக்கூடாது. ஆனா இந்தப் புள்ளி மூணு வருஷமா கடுகளவுகூட வளரலை. பயப்பட வேண்டாம். பழசு இல்லேன்னா ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். யாரு பத்திரமா வெச்சது?"

"என் வீட்டுக்காரி. பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டா" என்றார் அப்பா, பதக்கம் வாங்கியவர் மாதிரி.

நீ வருவதற்குள் அப்பா தூங்கிவிட்டார். எழுந்ததும் இன்ஹேலர் கொடு; உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளிக்கச் சொல். சாவி செருப்பு அலமாரியில். நான் காலேஜுக்குப் போகிறேன்.

உன் மேதாவி

ஓரத்தில் இடம் இருப்பதால்: புதுப் படத்தையும் தேதி எழுதி அதே உறைக்குள் வைத்திருக்கிறேன். இன்றைய பஸ் டிக்கெட் இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. தூக்கிப் போட்டுடாதே.