லூட்டுக்கு மட்டும் ஒரு கட்டம்

வோபர்ன்
6 ஒக்ரோபர் 2024

திரு. அன்புராசா அவர்களுக்கு,

கோபத்தைத் தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று நூலகக் கச்சேரி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒழுங்குசெய்த நிவேதிதா மட்டும் இசைத்தாளை விரித்தபடியே என்னிடம் வந்தாள். சென்னையில் பியானோ படித்த பிள்ளை. "ஆன்ட்டி, ஆறாவது சுற்றுல லூட் மட்டும் தனியா வர்ற கட்டம் ஒண்ணு இருக்கே, அது வரவேயில்லையே! வேணும்னே விட்டீங்களா?" என்று கேட்டாள். தேநீர்க் கோப்பைகளோடு பத்துப் பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்டது.

நானூறு வருடத்துப் பழைய இத்தாலிய நடனம். குழலில் அலங்காரம் செய்வது நான். கீழே அதே சுற்றைத் திரும்பத் திரும்ப லூட் தந்திகளில் வாசிப்பதுதான் உங்கள் வேலை. அதில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டத்தையே விழுங்கிவிட்டீர்கள்! காலமான என் கணவர் முப்பத்தொரு வருடம் அதே லூட்டில், அதே புத்தகத்தைப் பார்த்து எனக்குத் துணை வாசித்தார். ஒரு பிழை விட்டதில்லை. கொன்வென்ற்றில் எனக்குக் குழல் சொல்லித்தந்த சிஸ்டர் உங்களை முழங்காலில் நிறுத்தியிருப்பார்.

லூட்டையும் புத்தகத்தையும் திருப்பித் தரவும். 26ஆம் திகதி வெக்ஸ்போர்ட் கச்சேரிக்கு நீங்கள் வரவேண்டாம்.

இப்படிக்கு,
கமலாம்பிகை சண்முகநாதன்


பார்க்டேல்
10 ஒக்ரோபர்

அன்பின் அக்கா,

உங்கள் கடிதத்தை ஸ்ட்ரீட்காரில் வாசித்தேன். இறங்கவேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். விடுவதில் நான் கெட்டிக்காரன்தான்.

அந்தக் கட்டத்தை நான் வாசிக்காதது உண்மை. ஆனால் மறந்துபோய் அல்ல. அங்கே குழலுக்கு ஒரு கட்டம் ஓய்வு இருக்கிறது, அக்கா. நீங்கள் ஓய்வதில்லை. நேரே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். நானும் கூட வராவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம்.

இது என் மூளையில் உதித்த யோசனையும் அல்ல. சண்முகம் அண்ணையின் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து அவருடையதுதானே? நீங்கள் அதைப் பார்த்ததில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை.

"உவர் பெரிய தியாகி! போய் நல்லா ஏச்சு வாங்குங்கோ" எண்டு மனிசி சிரிக்கிறா. 20ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை லூட்டைக் கொண்டு வாறன்.

தம்பி,
அன்புராசா


வோபர்ன்
12 ஒக்ரோபர்

அன்புராசா,

"இங்கே கமலா காத்திருக்க மாட்டாள். நானும் விட்டுவிட வேண்டும். சொல்லக் கூடாது. 14.2.93."

அவருடைய எழுத்துத்தான். தபால் பெட்டியடியில் நின்று வாசித்தேன். குளிருக்குள் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கீழ்வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

முதலில் நம்பவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கச்சேரியின் கசெற்றைத் தேடியெடுத்துப் போட்டேன். விரல்விட்டு எண்ணினேன். மூன்று தரம். அந்தக் கட்டம் இல்லை. அந்த இடத்தில் நான் அவசரமாக மூச்சு எடுப்பது மட்டும் கேட்கிறது.

குழலுக்கு வேறு தாள் என்பதால் அவருடைய புத்தகத்தை நான் ஒருநாளும் திறந்ததில்லை. இந்த இசை முழுவதிலும் அவருக்கென்று தனியாக இருந்ததே அந்த ஒரு கட்டம்தான். அதையும் நான் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒவ்வொரு கச்சேரி முடிந்து காரில் ஏறியதும் அவர், "இண்டைக்கு நீர் நல்லா வாசிச்சீர்" என்பார். நான் என்ன சொல்வேன் தெரியுமா? "நீங்கள் மூன்றாவது சுற்றில் பிந்திவிட்டீர்கள்."

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். எனக்கு இப்போது ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாது.

கமலாம்பிகை


வோபர்ன்
21 ஒக்ரோபர்

அன்பின் தம்பி அன்புராசாவுக்கு,

நிவேதிதாவுக்கு எழுதிவிட்டேன், பிழை என்னுடையது என்று. "பரவாயில்லை ஆன்ட்டி" என்று பதில் போட்டிருக்கிறாள். அவளுக்குப் பரவாயில்லை.

உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதை எழுத ஒன்பது நாள் எடுத்தது.

ஒவ்வொரு நாளும் காலையில் குழலை உதட்டில் வைத்துக்கொண்டு அந்த ஒரு கட்டம் சும்மா நிற்கப் பழகுகிறேன். நான்கு எண்ணிக்கைதான். எண்பத்திரண்டு வயதில் அது எனக்கு வருகுதில்லை. பத்துத் தரத்தில் ஆறு தரம் முந்திவிடுகிறேன்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு லூட்டோடு வெக்ஸ்போர்ட்டுக்கு வாருங்கள். சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். போன தடவை துடைக்கவில்லை. பென்சில் எழுத்தை அழிக்கவேண்டாம். ஆனால் அதன்படி செய்யவும் வேண்டாம். ஆறாவது சுற்றில் அந்தக் கட்டத்தை முழுதாக, அவசரமில்லாமல் ஆறுதலாக வாசியுங்கள்.

நான் முந்திக்கொண்டு போனால், எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், என் பின்னால் வரவேண்டாம்.

அக்கா,
கமலா