தறிச் சத்தம் நீங்கிய பாட்டு

அன்புள்ள நைனாவுக்கு தணிகைமணியின் வணக்கம்.

உங்கள் கால் வீக்கம் வடிந்துவிட்டதாகத் தங்கை புவனா நேற்று போனில் சொன்னாள். புனேயில் நானும் நலம். போனில் சொல்ல வாய் வராததால் இதை எழுதுகிறேன்.

ஆலைக்குள் செல்போன் கூடாது என்று வைத்திருந்தேனே, பாட்டு மட்டும் கேட்கும் சின்ன பிளேயர், அதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினேன். இதில் திரை, ரேடியோ, இரைச்சலை நீக்கும் வசதி எல்லாம் உண்டு. நீங்கள் தறி ஓட்டியபடி பாட, நான் ஊரில் பதிந்து வந்த காவடிப் பாட்டை இதில் ஏற்றி, அறைத் தோழர்கள் முன் போட்டு, அந்த வசதியைக் காட்டினேன். தறிச் சத்தத்தோடு தாளமும் போய்விட்டது. உங்கள் குரல் மட்டும் தனியாகத் தடுமாறியது.

"யார்பா இது, தாளமே தெரியாம பாடிக்கினு கீறாரு?" என்று அரக்கோணத்து முரளிதரன் சிரித்தான்.

"எங்க தெருக்காரரு ஒருத்தரு" என்று சொல்லி நானும் சிரித்தேன், நைனா.

இரைச்சல் நீக்கிய பாட்டு பழைய பதிவின் மேலேயே பதிந்துவிட்டது. வேறு பிரதி என்னிடம் இல்லை. முரளிதரன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ரயில் ஏறுகிறான். நம் வீட்டுக்கும் வருவான். அவன் போனில் இன்னொரு முறை பாடி அனுப்புங்கள். தறியை நிறுத்த வேண்டாம்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. பாடியது என் நைனா என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிறு அவன் ரயில் ஏறுவதற்குள் சொல்லிவிடுவேன்.

தணிகைமணி