மண்டோர் சொன்ன மருந்து

இயேசு மரி சூசை

புக்கிட் பெலிம்பிங்,
8-2-1987

அன்பு மகன் லியோனார்டுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம். லண்டன் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் உன் அம்மாவின் ஓயாத கவலை. கம்பளிச் சட்டை இரண்டாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். மூன்றாகப் போட்டாலும் தப்பில்லை என்பது என் கருத்து.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்த பிறகுதான் உன் வேலை என்னவென்று கொஞ்சம் பிடிபட்டது. 'பங்கு வாங்குகிறவர்கள்' என்று நீ எழுதியதைப் பார்த்து, கோவில் பங்கில்தான் உனக்கு ஏதோ உத்தியோகம் கிடைத்திருக்கிறது என்று அம்மா சந்தோஷப்பட்டுவிட்டாள். அது கம்பெனிப் பங்கு என்று உன் தங்கச்சி யூஜினியா சிரித்துக்கொண்டே விளக்கினாள். மண்ணையும் ஆற்றையும் கெடுக்காத, வேலையாட்களை வதைக்காத கம்பெனிகளுக்கு உங்கள் ஆபீஸ் ஒரு பட்டியல் போடுகிறது. பணம் போடுகிறவர்கள் ஒவ்வொரு கம்பெனியாகப் பார்த்துப் பொறுக்குவதில்லை. பட்டியலில் கம்பெனியின் பெயர் ஏறிவிட்டால் போதும், எல்லாக் கம்பெனிக்கும் அளவுப்படி பணம் தானாகப் போய்விடுகிறது. நான் புரிந்துகொண்டது சரிதானே? மனசாட்சிக்குப் பயந்த வாத்தியார்களும் கன்னியாஸ்திரீகளும் அதில் சேமிப்பைப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம், ஐயா.

உங்கள் ஆபீஸ் துரைசானி போன வாரம் நம் தோட்டத்துக்கு வந்தார். முந்தின நாளே லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. புல்லுக்கு மருந்து அடிக்கிற பெண்களுக்குப் புதுக் கையுறையும் முகமூடியும் கொடுத்தார்கள். சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். துரைசானி நல்ல மாதிரி. செம்பனை மரத்தடியில் குனிந்து மண்ணை எடுத்து மோந்துகூடப் பார்த்தார். மானேஜர் கூடவே நிற்க, கணக்கு எழுதுகிற கிராணி நடராஜாதான் மொழிபெயர்த்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு லா மண்டோரே, கதை அளக்காதே" என்று என்னிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஆட்களுக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா என்று துரைசானி கேட்பதாகச் சொன்னார். நான் மருந்துக் கும்பலை வேலை வாங்குகிற மண்டோராகிப் பதினொரு வருஷம் ஆகிறது. "தினம் காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு முடிஞ்சதும் எல்லாருக்கும் கொடுத்துடுவோம், ஒருநாளும் குறை வெச்சதில்ல" என்று தைரியமாகச் சொன்னேன். துரைசானி முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார்.

மருந்துப் பம்பு சுமந்து யூஜினியாவுக்கு முதுகில் கொஞ்சம் கொப்புளம். தோட்டத்து டிரஸர் களிம்பு கொடுத்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. ரவாங் தொழிற்சாலை வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாள், பதில் வருகிறவரைக்கும்தான் இந்த மருந்து வேலை.

வேளை தவறாமல் சாப்பிடு. தேவமாதா உனக்குத் துணையிருப்பாளாக.

உன் அப்பா,
ம. சூசைமுத்து


கிள்ளான்,
24-5-1987

அன்பு மகனுக்கு,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தங்கச்சிக்கு மூச்சு வாங்குகிறது. நாலு அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். மருந்து முதுகுப் புண் வழியாக உள்ளே இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். அவர் எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

நீ அனுப்பிய பச்சை அட்டைப் புத்தகம் வந்தது. வீட்டில் பிரிக்காமல் இங்கே கொண்டுவந்தேன், அவள் படித்தால் பொழுது போகுமே என்று. பதினாலாம் பக்கத்தில் நம் தோட்டம். சுண்ணாம்பு அடித்த லயம், அதற்கு முன்னால் கையுறையோடு நம் பெண்கள். யூஜினியா எனக்காக நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொன்னாள். 'இங்கே ஒவ்வொரு தொழிலாளிக்கும் தினமும் காலையில் இலவசமாக மருந்து வழங்கப்படுகிறது, ஒருநாளும் குறை வைத்ததில்லை என்கிறார் மேற்பார்வையாளர்.' அந்த வரி வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவரும்படி ஆகிவிட்டது. இருமல் அடங்கியதும், "அப்பா, நீங்க சொன்னது பம்புல ஊத்துற மருந்து. அவங்க எழுதினது காய்ச்சல் மருந்து" என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிராணி தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, எனக்குத் தெரியாது. கேட்டால் சண்டையாகும்.

புத்தகத்தோடு வந்த உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இவ்வளவு நல்ல தோட்டமா என்று உன் மேலதிகாரி சந்தேகப்பட்டாராம். அது என் அப்பா சொன்னது, என் அப்பா பொய் சொல்லமாட்டார் என்று நீ அடித்துச் சொன்னாயாம். அதன்பிறகுதான் நம் தோட்டத்துக் கம்பெனியின் பெயர் பட்டியலில் ஏறியது, உனக்கும் வேலை நிரந்தரமானது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். நான் பொய் சொல்லவில்லையடா. ஆனால் நீயும் இந்த லயத்தில்தானே பிறந்தாய்? காய்ச்சல் என்று போனால் டிரஸர் என்ன கொடுப்பார் என்று உனக்குத் தெரியாதா? தினமும் காலையில் ஆட்களுக்கு மருந்து கொடுக்கிற தோட்டத்தை நீ எங்கே பார்த்தாய்? கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் உன் மேல் மட்டும் இல்லை.

ஆறு சுத்தமாக இருக்கிறது என்றும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். மருந்துப் பீப்பாயைப் பாரிட்டில்தான் கழுவுகிறோம். மறுநாள் அந்தக் கால்வாயில் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அந்தத் தண்ணீர் ஆற்றுக்குப் போய்க் கடலில் விழுகிறது. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் இருசப்பன், இறால் முன்னைப்போல் கிடைப்பதில்லை என்கிறார். அதற்கு நாங்கள்தான் காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் துரைசானி அந்தப் பாரிட்டைப் பார்க்கவில்லை; அவரை ஏற்றிப்போன லோரி அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தக் கன்னியாஸ்திரீகள் பாவம் சேராது என்று நம்பித்தானே பணம் போடுகிறார்கள்? அந்தப் பக்கத்தை மாற்றச் சொல், ஐயா. தங்கச்சியும் அதையேதான் கேட்கிறாள். "அண்ணன்கிட்ட மாத்தச் சொல்லுங்கப்பா" என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. சீக்கிரம் பதில் எழுது. கர்த்தர் உன்னை நடத்துவாராக.

உன் அப்பா,
ம. சூசைமுத்து


புக்கிட் பெலிம்பிங்,
26-7-1987

அன்பு மகனுக்கு,

தங்கச்சியின் முப்பதாம் நாள் பூசை வெள்ளிக்கிழமை முடிந்தது. ரவாங் தொழிற்சாலையிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்தது. தந்தி கிடைத்தும் உன்னால் வரமுடியவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அம்மாவுக்கு உண்டு. அதை உன்னிடம் மறைப்பானேன்?

உன் பதிலை நிதானமாகப் படித்தேன். ஏறிய பெயரை எடுப்பதற்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பட்டியலைத் திறப்பார்கள், அது செப்டம்பரில் என்கிறாய். வாய்ப்பேச்சு போதாது, கண்ணால் கண்டவர் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறாய். கொடுத்தால் உனக்கும் சங்கடம்தான், நீதானே உறுதி சொன்னாய். எனக்கு வேலையை விட்டு இறங்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, இருப்பது கம்பெனி வீடு, யோசித்துச் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறாய். என் நன்மைக்காகத்தான் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். இப்படியெல்லாம் யோசித்து யோசித்துத்தான் பதினொரு வருஷம் மண்டோராக இருந்தேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். மார்ச் மாதம் ஒருநாள், முதுகுக் கொப்புளம் ஆறுவதற்கு முன்னாலேயே, யூஜினியா என்னிடம் வந்து, பம்பு ஒழுகுகிறது, முதுகெல்லாம் நனைகிறது என்றாள். ஸ்டோரில் வேறு பம்பு இல்லை. வேண்டுமென்றால் மானேஜரிடம் போய் நிற்க வேண்டும். மண்டோர் மகளுக்குச் சலுகை என்று நாலு பேர் பேசுவார்கள். "சாக்கை மடிச்சு முதுகுல போட்டுக்கம்மா, ரெண்டு நாள் சமாளி" என்று சொல்லி, நானே நிரப்பி, நானே தூக்கி அவள் முதுகில் மாட்டிவிட்டேன். ரெண்டு நாள் ஆறு வாரமாகிவிட்டது. சாக்கு நனைந்தால் காயவே காயாது, அது எனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரியில் கடைசிவரைக்கும் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையுறையைத் திருப்பி வாங்கியது, பாரிட், சாக்கு எல்லாம் இருக்கிறது. தபாலில் போடுவதற்கு முன்னால் நேற்று உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டு முடித்தாள். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. சோறு போட்டு வைக்கிறாள்.

காகிதம் தமிழில் இருக்கிறது. கிராணியிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. நீதான் இங்கிலீஷில் மாற்றவேண்டும். வார்த்தையைக் குறைக்காதே, அழகுபடுத்தாதே. என் பெயர் வருகிற இடத்தில் மேற்பார்வையாளர் என்று மட்டும் போட்டு நகர்ந்துவிடாதே. அந்தப் பம்பை நிரப்பியவர் என் அப்பா என்று எழுது. முன்னே அவர்களிடம் அப்படித்தானே சொன்னாய், இப்போதும் அப்படியே சொல்.

செப்டம்பர் வரை இங்கே இருந்து அவர்கள் வீட்டைவிட்டுப் போகச் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சபாக்கில் உன் சின்னம்மா வீட்டு விலாசத்துக்கு எழுது. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் பிரிக்கமாட்டேன். அவள் என்ன கேட்டாலும் எனக்காகப் பரிந்து பேசாதே.

மகனே, எழுதும்போது உன் கையை ஆண்டவர் பிடித்துக்கொள்வாராக.

உன் தகப்பன்,
ம. சூசைமுத்து