ஓடைக்கரை வல்லாரை

மார்ச் 4

விடியலில் பதிகம் ஓதியபடியே ஓடைக்கரையில் வல்லாரை பறித்தேன். நட்டு வளர்த்ததைவிடத் தானே முளைத்ததில் வீரியம் மிகுதி என்பது, பணி ஓய்வுக்கு முன் என் மூலிகை ஆய்வில் நானே நிறுவிய முடிவு. மும்முறை கழுவி, நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்திருக்கிறேன். தம்பியின் மறதிக்கு ஓராண்டாக இதுவே மருந்து.

பத்து நாளாக அவனுக்கு வயிற்றுவலி. "அக்கா, உன் சாமியும் இலையும் கூட்டுச் சேர்ந்து என்னை மேல அனுப்பிடும் போல" என்றான். கடவுளை நம்பாதவனுக்குக் கேலி எளிது.

மார்ச் 11

வலி தணியவில்லை. பொடியை இருவேளை ஆக்கினேன்.

மார்ச் 19

தம்பியின் வலக்கை மணிக்கட்டில் தொங்கிவிட்டது. கோப்பை நழுவி உடைந்தது. மருத்துவர் அவன் ஈறுகளை நெடுநேரம் பார்த்தார். இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார்.

மார்ச் 23

ஈயம்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"அச்சுக் கோத்தேன் டாக்டர். முப்பது வருஷம் ஈய எழுத்தோடதான் குடித்தனம். அதான் கல்யாணமே பண்ணிக்கல."

"அப்ப அங்கேருந்துதான் வந்திருக்கும்" என்றார். சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறதாம்.

கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி. எதற்கு நிம்மதி? அவன் அச்சகத்தை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

மார்ச் 24

பொடியை நிறுத்தினேன். ஓடையின் மேற்புறம், என்றும் போகாத தொலைவு நடந்தேன். வளைவுக்கு அப்பால் பழைய பேட்டரிகளை உடைக்கும் கொட்டகை. அதன் கழிவுக்குழாய் நேரே ஓடையில் விழுகிறது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா நடக்குதும்மா. தள்ளி நில்லுங்க, ஆசிட் தெறிக்கும்" என்றார் அங்கிருந்தவர்.

என் ஆய்வு அதற்கு வெகு முந்தியது. நீர் அன்று தெளிந்திருந்தது. பிறகு நான் பார்க்கவே இல்லை. மீந்த பொடியைப் பழைய ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 30

முடிவு வந்தது. பொடியில் இருந்த ஈயத்தின் அளவை எழுத விரல் மறுக்கிறது.

கழுவினால் மண் போகும். வேர் குடித்தது போகுமா? நாற்பதாண்டு இதையே கற்றவள் நான். வீரியத்தை அளந்தேன், நஞ்சை அளந்தேனில்லை. வலிக்கிறது என்றவனுக்கு வலியையே இருமடங்காக்கி ஊட்டினேன். இறைவா, இந்தக் கைகளைக் கூப்பி உன் முன் எப்படி நிற்பேன்?

சொல்லணுமா? சொன்னா அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? மருத்துவர் அச்சகம் என்றே நம்புகிறார். நம்பட்டுமே — பொடியைத்தான் நிறுத்திவிட்டேனே — ஆனால் என் ஆய்வைப் படித்து, எத்தனை பேர் எத்தனை கரைகளில் குனிந்து பறிக்கிறார்களோ.

மார்ச் 31

ஓதவில்லை. வாய் வரவில்லை.

ஏப்ரல் 2

தம்பியைச் சேர்த்திருக்கும் மருத்துவமனையில், அவனை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் எல்லாம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "சந்தேகம் வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், குரலை உயர்த்தாமல். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 9

ஈயத்தை வெளியேற்றும் மருந்து ஏறுகிறது. அதைச் சிறுநீரகம் தாங்குமா என்பதை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவன் என்னோடு பேசவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல், செவிலியை அழைத்து வாங்கிக் குடித்தான். அவன்மேல் குற்றமில்லை.

ஏப்ரல் 20

ஈயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டால் மருத்துவர் "பார்ப்போம்" என்கிறார்.

என் ஆய்வு முடிவைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு ஒரு மடல் எழுதினேன், அவன் கட்டிலருகே அமர்ந்து. முடித்தபோது இடக்கையை நீட்டினான். கொடுத்தேன். பிழை திருத்துகிறவனைப்போல வரிவரியாகப் படித்தான். பதினெட்டு நாளுக்குப் பின் பேசினான்:

"என்னக்கா, 'கவனக்குறைவால்'னு போட்டிருக்க? கவனமாத்தானே குடுத்த. அதையே எழுது. அப்பதான் படிக்கிறவன் பயப்படுவான்."

அச்சொல்லை அடித்துவிட்டு, 'மிகுந்த கவனத்துடன்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.