ஞாயிறுதோறும், ஞாயிறு விட்டு ஞாயிறு

ஏப்ரல் 12

அன்புள்ள கரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, மாடுகளின் உதை எட்டாத தூரத்தில் நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போன் சமையலறையில் இருக்கிறது, உன் அப்பாவும் எந்நேரமும் சமையலறையில்தான் இருக்கிறார், அதனால்தான். இப்போது நாற்காலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

இந்த வருஷம் பனிக்கு மேல் வைத்திருப்பது தீயணைப்பு நிலையத்துப் பழைய சாய்வு நாற்காலி. பக்கத்து வீட்டு லவோன் அதற்குச் சிவப்புச் சாயம் அடித்து, தன் கோட்டுக்கும் கொஞ்சம் அடித்துக்கொண்டாள். பனி உருகி அது ஏரிக்குள் விழுகிற நாளையும் மணியையும் எழுதி ஊரே பந்தயச் சீட்டுப் போட்டாயிற்று. உன் அப்பா ஏப்ரல் இருபத்தாறு, பிற்பகல் இரண்டு பத்து என்று எழுதினார். இரண்டு மணி என்று போட்டால் என்ன என்றதற்கு, "பத்து நிமிஷம் தாங்கும், எனக்குத் தெரியும்" என்றார். ஒருமுறை ஜெயித்துவிட்டு அந்த மனிதர் பண்ணுகிற அலட்டல் தாங்கவில்லை. காபிக் கடையில் யாரைக் கேட்டாலும் "இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துரும்" என்கிறார்கள். மார்ச் மாதத்திலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், நம் ஊர்க்காரர்கள் நாளும் மணியும் போட்டுப் பேசுவது வருஷத்தில் இந்த ஒரு விஷயத்துக்குத்தான். மற்றதெல்லாம் நமக்கு ஒருநாள், ஒரு சமயம், கூடிய சீக்கிரம், இப்போதைக்கு, நேரம் வரும்போது. லவோனும் நானும் "ஒருநாள் சாப்பிட வா" என்று எத்தனையோ வருஷமாக ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்காக இதுவரை ஒரு தட்டுகூடக் கழுவியதில்லை. அதில் இருவருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

மருந்துக் கடையில் வேலைக்கு ஹோதன் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள். சோமாலியாவிலிருந்து மினியாபொலிஸுக்கு வந்த குடும்பம். அப்பாவின் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, வாயில் வருகிற வழக்கப்படி, "ஒருநாள் காபி குடிக்க வாம்மா" என்றேன். நம் ஊர் முறைப்படி "வந்தாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவளும் மறந்துவிட வேண்டும், நானும் மறந்துவிட வேண்டும். அவளோ கைபேசியை எடுத்து, "எந்த நாள் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்" என்றாள். பின்னால் வரிசையில் நின்ற லவோன் சிரிக்கிறாள். வியாழக்கிழமை என்று சொல்லிவைத்தேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் வந்து நிற்கிறாள், கையில் கறி வைத்துப் பொரித்த சமோசாவோடு. உப்பும் மிளகுமே காரம் என்று சொல்கிற உன் அப்பா, கண்ணில் தண்ணீர் வழிய நான்கு தின்றார்.

பேச்சோடு பேச்சாக, உங்கள் மகள் எப்போதெல்லாம் பேசுவாள் என்று கேட்டாள். அப்பப்போ பேசுவாள் என்றேன். சொன்ன பிறகு மனதுக்குள் அதே ஓடிக்கொண்டிருந்தது. நீ நியூசிலாந்து போன புதிதில், யார் கேட்டாலும் ஞாயிறுதோறும் என்று சொல்வேன். எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம், உனக்குத் திங்கள் விடிந்திருக்கும், நாளைய செய்தியை முன்கூட்டியே சொல்கிறாள் என்று அப்பா கேலி செய்வார். பிறகு ஞாயிறு விட்டு ஞாயிறு என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்புறம் அவ்வப்போது. போன மாதம் சர்ச்சில் ஒருத்தி கேட்டபோது, எப்போதாவது என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. குறை சொல்லவில்லை கண்ணு, உன் வேலை எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் ஆனால் போனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இன்னமும் உட்காருகிறேன். போன வருஷம் "குளிர் முடிஞ்சதும் வரேன்மா" என்றாய். எந்த ஊர்க் குளிர் என்று நான் கேட்டுவைக்கவில்லை. இங்கே முடிந்து, அங்கே தொடங்கி முடிந்து, மறுபடி இங்கே முடியப்போகிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது கரின், வேறெப்படிச் சொல்வது.

ஆனால் கடிதம் எழுதியது அதற்கு மட்டும் இல்லை. உன் அப்பா உன்னிடம் "அப்பப்போ கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று சொன்னார் இல்லையா. அப்பப்போ இல்லை, தினமும். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறக்கவில்லை, அதை மாற்ற வேண்டும், ஜூன் நடுப்பகுதியைத் தாண்ட விடாதீர்கள் என்று டூலூத் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டர் பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார். தேதி கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் இவர் "பாத்துக்கலாம், ஒருநாள் வந்து பண்ணிக்கிறேன்" என்று போனை வைத்துவிடுகிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கும் வாய்ப்பூட்டு. ஹோதன் அவர் மாத்திரைகளைப் பார்த்தவள் அல்லவா, அன்று நேராகவே, "ஆப்பரேஷன் என்னைக்கு?" என்று கேட்டாள். ஒருநாள் என்றார். அவள் விடவில்லை. "அந்த நாற்காலி விழறதுக்கு மட்டும் ரெண்டு பத்துன்னு சொன்னீங்களாமே, கடையில ஊரே பேசுது. உங்க நெஞ்சுக்கு ஒரு தேதி சொல்ல வரலையா?" என்றாள். உன் அப்பா காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "கரின் வந்ததும் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அவ வந்துருவா, கூடிய சீக்கிரம்" என்றார். எனக்கே அன்றுதான் தெரியும். நீ ஒருநாள் வருகிறேன் என்று சொல்கிறாய், அந்த ஒருநாளில் தன் உயிரைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருக்கிறார். கரினிடம் சொல்லுங்களேன் என்றால், "புள்ளைய மிரட்டியா வரவழைப்பாங்க, வர்றவ தானா வரட்டும்" என்கிறார்.

மறுநாள் காலை நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எப்போது சௌகரியம் என்று கேட்டாள் அங்கே போனை எடுத்த பெண். பாத்துச் சொல்றேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, ஜூன் ஒன்பது, செவ்வாய்க்கிழமை என்றேன். உன் மாடுகள் கன்று போடும் பருவம் ஆகஸ்டில்தானே தொடங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு வெளியே போவார் என்று நினைத்தேன், போகவில்லை. கரினுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். எழுதப்போகிறேன் என்றேன். "அவளுக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப வரட்டும்னு எழுது" என்றார். சொல்லிவிட்டு உன் அறைக்குப் போய், உன் கட்டிலில் அடுக்கியிருந்த தூண்டில் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் வைத்தார், ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

கார் சத்தம் கேட்கிறது, முடித்துக்கொள்கிறேன். வேலையில் ஜாக்கிரதையாக இரு, ஈரக் காலுறையோடு திரியாதே. உன்னைக் கடவுள் கைவிடாமல் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, நான் எடுத்தால் அப்பாவிடம் கொடுக்கச் சொல். தோதுப்பட்டபோது வா என்று உன் அப்பா எழுதச் சொன்னார், நான் அப்படி எழுத மாட்டேன். ஜூன் எட்டாம் தேதி, திங்கள்கிழமைக்குள் வீட்டுக்கு வந்து சேர். வரும் நாளை அவரிடம் உன் வாயால் சொல்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா, ஆர்லிஸ்